மினுங்காத பச்சை

என் ஓரகத்தி பாம்பை அடித்தால், பாம்பு செத்த பிறகும் அடிப்பாள்.

கல்லிடைக்குறிச்சி வீட்டின் பின்பக்கம், துணி துவைக்கிற கல்லுக்கு அடியில் ஒருநாள் ஒரு சாரை வந்து படுத்திருந்தது. சாரைக்கு விஷம்கூடக் கிடையாது. "ஏளா, அது பாட்டுக்குப் போயிரும், விட்டுரு" என்று மாமியார் சொல்லி முடிக்குமுன்னே, மண்வெட்டியிலிருந்து கழன்று மூலையில் கிடந்த மரப்பிடியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எங்கள் பக்கத்தில் அதை மம்பட்டிக் கணை என்போம். முதல் அடியிலேயே பாம்பு முடிந்துவிட்டது. இவள் நிறுத்தவில்லை. கல்லெல்லாம் ரத்தமும் தோலுமாக ஆகிற வரைக்கும் அடித்தாள். பிறகு நிமிர்ந்து, கன்னத்தில் தெறித்ததைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்: "சும்மா கெடக்குன்னு நெனச்சுத் திரும்பக் கூடாதுளா. நிக்குதா, ஓடுதான்னு பாத்துட்டுத்தான் திரும்பணும்."

ஓரகத்தி என்றால் என்னைக் கட்டியவனின் அண்ணன் மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுவேன், அவன் மைனி என்பான். பெயரைச் சொல்லப் போவதில்லை. அந்த வீட்டில் இன்று யாரும் அவள் பெயரை எடுப்பதில்லை. எடுத்தால் மாமியார் காதைப் பொத்திக்கொள்கிறாளாம். நான் சொல்லாததற்குக் காரணம் அதுவல்ல. அவள் இப்போது தூரத்து ஊர் ஒன்றில் வேலை பார்க்கிறாள், நிம்மதியாகப் பார்க்கட்டும். கட்டியவனை 'அவன்' என்று எழுதுகிறாளே என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். அதற்கும் காரணம் வரும்.

கல்யாணத்துக்கு முன்னால் அக்கா ஒரு சிமெண்ட் ஆலையில் கண்ட்ரோல் ரூமில் இருந்தாள். சுண்ணாம்புக்கல் பெல்ட்டில் ஏறிப் போவதைத் திரையில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒருநாள் ஒரு பெல்ட் 'நிறைய இருக்கிறது' என்று காட்டியது. நிறைய இருந்தால் நல்லதுதானே என்று எல்லோரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள். உண்மையில் பெல்ட் நின்றுபோயிருந்தது. நின்றதால்தான் நிறைந்திருந்தது. அடைப்பை எடுக்கக் கை விட்ட ஓர் ஆளை, திடீரென்று ஓடத் தொடங்கிய பெல்ட் தோள்வரைக்கும் இழுத்துக்கொண்டது. நிறுத்துகிற பட்டனை அமுக்கியவள் இவள். கீழே ஓடிப்போய், பாதிக் கையோடு கிடந்தவனை மடியில் போட்டுக்கொண்டவளும் இவள்தான். "நெறஞ்ச பெல்ட்டை மட்டும் நம்பிராத" என்று அடிக்கடி சொல்வாள். அவளுக்கு அது வேதவாக்கு.

கல்யாணம் ஆனதும் வேலைக்குப் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அத்தான், அதாவது அவள் புருஷன், ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்தார். அதில் அவள் தனக்கென்று ஓர் ஆலை கட்டிக்கொண்டாள். தொழிற்சாலை கட்டுகிற விளையாட்டு அது. ஆள் இல்லாத ஒரு கிரகத்தில் இரும்பு தோண்டி, கரி தோண்டி, உலை வைத்து, பெல்ட் போட்டு, ஒன்றிலிருந்து ஒன்றாகச் செய்துகொண்டே போக வேண்டும். அந்தக் கிரகத்துப் பூச்சிகள் கூட்டம் கூட்டமாக வந்து சுவரைக் கடித்துத் தின்னும். அவற்றைத் தானாகச் சுடும் துப்பாக்கிகளுக்குத் தோட்டாவும் பெல்ட்டில்தான் போகும்.

அதில் அவளுக்கு உயிர், ஒயர் இழுப்பது. பெல்ட்டின் ஒரு கட்டத்தில் ஒயரை மாட்டினால், அந்தக் கட்டத்தில் இப்போது என்ன கிடக்கிறது என்று ஒயர் சொல்லும். மறுமுனையில் ஒரு விளக்கை மாட்டி, கரி வந்தால் பச்சை, தோட்டா தீர்ந்தால் சிவப்பு என்று வைத்துக்கொள்ளலாம். மணி அடிக்கவும் வைக்கலாம். அவள் ஆலையில் ஒயர் போடாத பெல்ட் ஒன்றுகூடக் கிடையாது. "கண்ணு அசந்துரும், ஒயரு அசராது" என்பாள். ஓடுகிற பெல்ட்டில் பொருள் ஒவ்வொன்றாகக் கடந்து போகும்போது விளக்கு மினுங்கும். அந்த மினுக்கத்தைப் பார்த்துக்கொண்டே கீரை ஆய்வாள்.

பூச்சிகளை அவள் கொல்லுகிற விதம் எனக்குப் பிடிக்காது, சொல்லிவிடுகிறேன். சுவருக்கு வருவதைச் சுட்டால் போதும். இவள் தேடிப் போவாள். கூட்டைச் சுற்றித் தீ வைத்துவிட்டு, திரையில் மூக்கு முட்டுகிற அளவுக்குக் குனிந்து, "ஒண்ணுகூட மிஞ்சப்படாது, ஒண்ணுகூட" என்று தொண்டைக்குள்ளே சிரிப்பாள். அந்தச் சிரிப்பைக் கேட்டால் நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன்.

வெளியிலும் அப்படித்தான். அம்பாசமுத்திரத்திலிருந்து வரும்போது பஸ்ஸில் ஒருத்தன் அவள் இடுப்பில் விரலை வைத்தான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த விரலைப் பிடித்துப் பின்பக்கமாக மடக்கினாள். 'மொடுக்' என்று சத்தம் எனக்கே கேட்டது. அவன் ஊளையிட ஊளையிட, "கண்டக்டரண்ணே, விசில் அடிங்க, இந்த அண்ணாச்சி எறங்கணுமாம்" என்றாள். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்தபடியே கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன்.

நானும் என்னைக் கட்டியவனும் இருந்தது திருநெல்வேலியில், பெருமாள்புரம் பக்கம் ஒரு வாடகை வீட்டில். அக்கம்பக்கத்தில் பேசாதே, போனில் பேசாதே என்று சொன்னவன், இந்த விளையாட்டை மட்டும் விட்டுவைத்தான். "சின்னப்பிள்ள மாரி பெல்ட்டு போட்டு வெளையாடுதாளுவ" என்று அண்ணனிடம் சொல்லிச் சிரித்தான். அக்காவின் கம்ப்யூட்டரில் அந்த உலகம் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். அவன் வேலைக்குப் போனதும் நான் என் லேப்டாப்பிலிருந்து அதற்குள் போய், மூலையில் ஒரு கரிச் சுரங்கத்தைப் பார்த்துக்கொள்வேன்.

ஒரு கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கல்லிடைக்குறிச்சி போயிருந்தோம். ஆண்கள் கோயிலுக்குப் போய்விட்டார்கள். நானும் அக்காவும் கம்ப்யூட்டர் முன்னால். என் கை தவறி, தோட்டா போகிற பெல்ட்டில் கல்லைக் கொட்டிவிட்டேன். துப்பாக்கி கல்லை எடுக்காது. கல் முன்னால் நிற்க, தோட்டா பின்னால் நிற்க, துப்பாக்கிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. பூச்சிகள் சுவரை உடைத்து உள்ளே வந்து உலையெல்லாம் தின்றுவிட்டன. பளாரென்று என் கன்னத்தில் ஓர் அறை விட்டாள்.

அடி வாங்கியவள் நான். அவள்தான் வெலவெலத்துப் போனாள்.

"ஏளா, நான் கை ஓங்குமுன்னயே கண்ணை மூடிட்ட" என்றாள். "தலையைச் சாய்ச்சுக் குடுத்துட்ட. ஒனக்கு அடி பழகியிருக்கு. யாரு?"

"யாருமில்ல."

"யாருளா?"

"நீங்களும் அவரும் ஒண்ணுதான்க்கா. ஆளை விடுங்க."

எனக்கு அப்படி ஓர் ஆங்காரம் அன்றைக்கு. அவள் எழுந்து போய், என்னை அடித்த கையை வாசல் நிலையில் ஓங்கி அடித்தாள். மறுபடியும் அடித்தாள். மூட்டுத் தோல் கிழிந்து ரத்தம் வந்தது. "ஒண்ணுதான். எனக்குத் தெரியாதா" என்றாள். "ஆனா நான் ஒன் பக்கத்துல நிக்கேன். சேலையை வெலக்கு, பாக்கட்டும்."

விலக்கினேன். விலாவில் பழுத்த கருப்பு, முதுகில் புதுச் சிவப்பு. கொடை மேளம் தெருவில் கேட்டுக்கொண்டிருந்தது.

அவன் குடிகாரன் இல்லை. சத்தம் போட மாட்டான். டி.வி. சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு அடிப்பான். நாலு பேர் பார்க்கிற இடத்தில் அடி விழாது. குழம்பில் உப்புக் குறைந்தால் அடி, கூடினால் அடி, சரியாக இருந்தால் 'என்ன திமிரா நிக்க' என்று அடி. அடித்து முடித்தால் பழம் வாங்கி வந்து உரித்துக் கொடுப்பான். அந்தப் பழத்தைத் தின்னும்போதுதான் எனக்கு அழுகை வரும்.

"இப்பமே கெளம்பு, நான் கொண்டு விடுதேன்" என்றாள் அக்கா. நான் மாட்டேன் என்றேன். அப்பாவுக்கு நெஞ்சு சரியில்லாத நேரம் அது. நான் பெட்டியோடு போய் நின்றால் அவர் தாங்க மாட்டார் என்று பயம். போனில் தகவல் சொல்லவும் வழியில்லை, தினமும் சாயங்காலம் அவன் வாங்கிப் பார்ப்பான். விளையாட்டுக்குள்ளேயே எழுதி அனுப்பலாம். எழுத்து இருந்தால் அதையும் பின்னால் நின்று படிப்பான்.

"கரியும் கல்லும் அவனுக்கு வாசிக்கத் தெரியுமா?" என்று கேட்டாள் அக்கா.

அன்றே பெல்ட் போட்டாள். என் சுரங்கத்தில் ஒரு பெட்டி. அதில் நான் எதைப் போடுகிறேனோ, அதை ஓர் இயந்திரக் கை ஒவ்வொன்றாக எடுத்து பெல்ட்டில் வைக்கும். அந்தக் கோடியில் இன்னொரு கை எடுத்து அவளுடைய பெட்டியில் போடும். அதற்கு முந்தின கட்டத்தில் ஒயர், ஒயரின் முனையில் விளக்குகள். கரி போட்டால் பச்சை, இன்றைக்குச் சுகம். கல் போட்டால் மஞ்சள், அடித்திருக்கிறான். தோட்டா போட்டால் சிவப்பும் மணியும். "தோட்டா வந்துட்டுன்னா ஒங்கிட்ட கேக்க மாட்டேன். வந்து தூக்கிட்டுப் போயிருவேன். அப்பா கிப்பான்னு மூச்சு விடப்படாது." தோசைக்கல் முன்னால் நின்றபடியே விளக்கு தெரிகிற மாதிரி மேசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

கல் விழுந்த நாட்களில், மாங்காய், அப்பளம் என்று ஏதாவது ஒரு சாக்கில் வந்து நிற்பாள். அவன் சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து, அவன் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் அவனுக்குச் சோறு போடும்போது, "கொழுந்தனாரே, எங்க ஆலையில ஒருத்தருக்குக் கை போனப்ப எலும்பு எப்படி இருந்துச்சு தெரியுமா, வெள்ள வெளேர்னு" என்றாள். அவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டான்.

அதற்குப் பிறகு அடி நின்றது. காலையில் பெட்டியில் கரி போடுவேன். மறுநாளும் கரி. வாரக்கணக்கில் கரிதான். எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது, மனுஷன் மாறிவிட்டான் என்று. பாருங்கள், அந்தச் சுகம்தான் என்னைக் கொல்லப் பார்த்தது. சுகமான நாட்களின் கரியெல்லாம் போய்ப் போய், அந்தக் கோடியில் அவளுடைய பெட்டி நிரம்பிவிட்டது. பெட்டி நிரம்பினால் கை எடுக்காது. கை எடுக்காவிட்டால் பெல்ட் நின்றுவிடும். ஒயர் மாட்டிய கட்டத்தில் ஒரு கரி அப்படியே கிடந்தது. பச்சை எரிந்துகொண்டே இருந்தது.

அவன் மறுபடி ஆரம்பித்தான். நான் கல் போட்டேன். யாரும் வரவில்லை. அடுத்த நாளும் கல். வரவில்லை. அவளுக்கும் என்னைச் சுமந்து சலித்துப் போயிருக்கும் என்று நினைத்தேன். அந்த நினைப்பு அடியைவிட வலித்தது. அவன் இடுப்பு பெல்ட்டால் அடித்தான், குக்கர் மூடியால் அடித்தான். ஒரு சனிக்கிழமை காலையில் எனக்குள்ளே ஏதோ விட்டுப்போயிற்று. அப்பா, ஊர், உறவு எல்லாம் எக்கேடும் கெடட்டும் என்று பெட்டி நிறையத் தோட்டாவைக் கொட்டினேன்.

கொட்டிவிட்டுப் பார்க்கிறேன், பெல்ட் நகரவில்லை. கரி, கரி, கரி, கல், கல், அதற்குப் பின்னால் வாலில் என் தோட்டா. எல்லாம் பேருக்கு வரிசையில் நிற்கின்றன. ஓடிப்போய் அடைப்பை எடுக்கலாம் என்று நான் விளையாட்டுக்குள் பெல்ட் ஓரமாக ஓடத் தொடங்கும்போது, முதுகுக்குப் பின்னால் அவன் குரல்: "என்னத்தட்டி இப்படி வேர்த்து விறுவிறுத்து வெளையாடுத? மைனிக்கு இதுல என்ன சொல்லி அனுப்புத?"

லேப்டாப்பை எடுத்துத் தரையில் அடித்தான். அள்ளப் போன என் இடது கையைப் பிடித்து, கதவிடுக்கில் வைத்துச் சாத்தினான். டி.வி. ஓடிக்கொண்டிருந்தது.

அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று பிறகு அவளே சொன்னாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, காலைத் தோசைக்கு மாவு ஊற்றியபடி விளக்கைப் பார்த்திருக்கிறாள். பச்சைதான். தோசையைத் திருப்பிவிட்டு மறுபடி பார்த்திருக்கிறாள். பச்சை. அப்போதுதான் உறைத்திருக்கிறது: மினுங்கவில்லை. ஓடுகிற பெல்ட்டின் விளக்கு மினுங்க வேண்டுமே. தோசை கருக விட்டுவிட்டு, பெல்ட் வழியே என் சுரங்கம்வரைக்கும் போய்ப் பார்த்திருக்கிறாள். கல்லைப் பார்த்தாள். தோட்டாவைப் பார்த்தாள். பின்பக்கம் போய் மம்பட்டிக் கணையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். "வயலுக்கா யக்கா?" என்று கண்டக்டர் கேட்டாராம். "ஆமா, களை கெடக்கு" என்றாளாம்.

கதவைத் திறந்தபோது அவன் பாதிச் சவரத்தில் இருந்தான், ஒரு கன்னத்தில் சோப்பு நுரை. "என்ன மைனி, சொல்லாமக் கொள்ளாம?" என்றான். அவள் அவனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்கு மேலே, துணி சுற்றிய என் கையைப் பார்த்தாள்.

"எந்தக் கையாலளா?"

"வலது" என்றேன். சொன்னதற்காக இன்றுவரை எனக்கு ஒரு பொட்டு வருத்தம் கிடையாது.

முதல் அடியிலேயே முன்கை ஒடிந்தது, காய்ந்த மட்டை முறிகிற மாதிரி. அவன் அலறினான். இரண்டாவது அடி முழங்காலில். விழுந்தான். "மைனி, வேண்டாம், அண்ணனுக்குத் தெரிஞ்சா..." என்றான். "போடுலே டி.வி.யை! சத்தத்தைக் கூட்டு!" என்று கத்திக்கொண்டே தோளில் இறக்கினாள். நுரையோடு ரத்தம் கலந்து தரையில் இழுபட்டது. அவன் கட்டிலுக்கு அடியில் புகப் பார்த்தான். காலைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டு அடித்தாள். அப்போது கேட்டது அந்தச் சிரிப்பு. தொண்டைக்குள்ளே. "ஒண்ணுகூட மிஞ்சப்படாது."

அவன் அலறுவதை நிறுத்திவிட்டான். அவள் நிறுத்தவில்லை. துவைகல்லில் கிடந்த சாரை எனக்கு நினைவு வந்தது. அவன் மேல் இரக்கப்பட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தச் சவம் செத்தால் அவள் ஜெயிலுக்குப் போவாள், அது ஒன்றுதான் என் புத்தியில் ஓடியது. எழுந்து போய் நடுவில் நின்றேன்.

கணை என் தலைக்கு மேலே உயர்ந்திருந்தது. அவள் கண்ணில் நான் இல்லை, யாருமே இல்லை. இறங்கினால் என் மண்டை இரண்டு துண்டு. நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கணை அந்தரத்திலேயே நின்றது. மெல்ல மெல்ல அவள் கண்ணுக்குள் நான் வந்தேன்.

"ஏளா" என்றாள், மூச்சு வாங்க. "கண்ணை மூடலியே நீ."

"மூடலக்கா."

கணை கையிலிருந்து விழுந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "பச்சை எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சுளா. நான் தோசை சுட்டுக்கிட்டு இருந்துட்டேனே. நானே நெறஞ்ச பெல்ட்டை நம்பிட்டேனே." அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அவனை அடித்த அடியில் பாதி அவளுக்கே அவள் போட்டுக்கொண்டது என்று அப்போது புரிந்தது.

அவன் சாகவில்லை. பைக்கிலிருந்து விழுந்ததாக ஆஸ்பத்திரியில் அவனே சொன்னான், பொம்பளையிடம் அடி வாங்கியதைச் சொல்ல வெட்கம். அந்த வலது கை இன்னும் முழுசாக மடங்காதாம். கொழுந்தன் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டால் வீட்டுக்குள் வரலாம் என்று அத்தான் அவளிடம் சொன்னார். அவள் கம்ப்யூட்டரையும் அந்தக் கணையையும் மட்டும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள். நான் அப்பா வீட்டுக்குப் போனேன். பயந்த மாதிரி அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் கையைப் பார்த்தார், உள்ளே போய் எனக்குத் தட்டு எடுத்து வைத்தார்.

வேலைக்குச் சேர்ந்து வேறு லேப்டாப் வாங்கினேன், அந்த பெல்ட் இன்றும் ஓடுகிறது. கோடியில் இப்போது பெட்டி கிடையாது, கரி நேரே உலைக்குப் போய் எரிந்துவிடும், நிரம்புகிற பேச்சே இல்லை. என்னைத் தொடுவதற்கு இங்கே ஒருத்தரும் இல்லை என்றாலும், வேலைக்குக் கிளம்புமுன் பெட்டியில் கரி போடாமல் நான் வெளியே இறங்குவதில்லை.

போன வாரம் காய்ச்சல். கண்ணே திறக்க முடியாமல் படுத்துவிட்டேன், கரி போடவில்லை. மத்தியானம் போன் அடித்தது.

"யாருளா?" என்றாள். நல்லா இருக்கியா இல்லை, என்ன ஆச்சு இல்லை. "பேரை மட்டும் சொல்லு."

"யாருமில்லக்கா. காய்ச்சல். சத்தியமா காய்ச்சல்."

"கணையைக் கையில எடுத்துட்டேன்ளா" என்றாள். "சரி, கீழ வைக்கேன். எந்திச்சு ரெண்டு கரி போட்டுட்டுப் படு."